விருப்பம் விதியாகும் விதம்: அமெரிக்க நீதிபதி நியமன விவாதங்களில் சொல்லின் ஆட்சி

1. பொருளும் கருவியும்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் உறுப்பு, இரண்டாம் பிரிவு, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை அதிபர் முன்மொழிந்து, செனட் சபையின் ‘ஆலோசனையுடனும் ஒப்புதலுடனும்’ நியமிப்பார் என்கிறது. அவ்வளவுதான். முன்மொழியப்படுபவருக்கு என்ன தகுதி வேண்டும், செனட் எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்று ஒரு வரியும் இல்லை. நீதிபதிகள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கைகூட அங்கே இல்லை. 1789-இல் 6 என்று தொடங்கி, பலமுறை கூடிக் குறைந்து, 1869-இல் 9 எனச் சாதாரணச் சட்டம் ஒன்றால் நிலைபெற்றது.

சட்டம் இவ்வளவு இடத்தை வெறுமையாக விட்டிருக்கும்போது அங்கே அரசியல் குடியேறுவது இயல்பு. அதிபருக்குத் தமக்கு உகந்த நீதிபதி வேண்டும். எதிர்க்கட்சிக்கு அவர் வேண்டாம். வாழ்நாள் பதவி என்பதால் இந்த விருப்பங்கள் மிகக் கூர்மையானவை. ஆனால் ‘எங்களுக்கு இந்தத் தீர்ப்புகள் வேண்டும், ஆகவே இந்த ஆள் வேண்டும்’ என்று எவரும் அவையில் சொல்வதில்லை. நீதிபதி கட்சிக்கு அப்பாற்பட்டவர் என்ற நம்பிக்கையை அந்தப் பேச்சு உடைத்துவிடும். எனவே விருப்பத்தை விதியாகவோ ஒழுங்காகவோ தகுதியாகவோ காட்டும் சொற்கள் தேவைப்படுகின்றன. அந்தச் சொற்கள் எப்படிப் பிறந்தன, யார் கைக்குப் போயின, என்ன விளைவைத் தந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதற்கு நம் இலக்கணத்திலேயே பொருத்தமான கருவி இருக்கிறது. பவணந்தியாரின் நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமாகச் சொல்வது மங்கலம். விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பது போல. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது உரைகாரர் தரும் எடுத்துக்காட்டு. வாஷிங்டன் விவாதங்களின் சொற்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் அடங்குகின்றன. அடங்காதவையும் உண்டு, அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

2. இடக்கரடக்கல்: ‘நீதிபதிக்குரிய மனப்பாங்கு’

1916 ஜனவரி 28 அன்று அதிபர் உட்ரோ வில்சன், லூயிஸ் பிராண்டைஸை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். ரயில்வே ஏகபோகத்தையும் பெருநிறுவனங்களையும் எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர் அவர். அந்த நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டு நியமனம் பெற்ற முதல் யூதரும் அவரே. உச்ச நீதிமன்ற நியமனம் ஒன்றுக்காகச் செனட் குழு பொது விசாரணை அமர்வுகள் நடத்தியது அப்போதுதான் முதல்முறை. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லோவெல் உள்ளிட்ட பாஸ்டன் பிரமுகர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர், அவருக்கு நீதிபதிக்குரிய மனப்பாங்கு இல்லை என்று கையெழுத்திட்டு அனுப்பினர். முன்னாள் அதிபர் டாஃப்டும் வழக்கறிஞர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் பலரும் அவர் அந்தப் பதவிக்குத் தகுந்தவரல்லர் என்று எழுதினர்.

மனப்பாங்கு என்பதை அளக்க எந்தக் கோலும் கிடையாது. அதுதான் அச்சொல்லின் பலம். அவருடைய சமயம் பிடிக்கவில்லை என்பதையும், அவர் வென்ற வழக்குகளில் தோற்றவர்கள் யார் என்பதையும் நாகரிகமான அவையில் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. மனப்பாங்கு என்ற சொல் இரண்டையும் ஒரே போர்வையில் மூடியது. எதிர்த்தவர்கள் எல்லோரும் யூத வெறுப்பால் எதிர்த்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. தொழில்முறைப் பகையும் வர்க்கப் பகையும் அங்கே உண்மையாகவே இருந்தன. ஆனால் எது எவ்வளவு என்று எவரும் பிரித்துப் பார்க்க முடியாதபடி செய்ததுதான் இந்தச் சொல் செய்த வேலை. நான்கு மாதங்களுக்குப் பிறகு, ஜூன் 1 அன்று, 47-க்கு 22 என்ற கணக்கில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நீதிமன்றத்தின் மிகச் சிறந்த நீதிபதிகளுள் ஒருவராக இன்று எண்ணப்படுபவர் அவர்.

3. குழூஉக்குறி: ‘கண்டிப்பான பொருள்கோள்’

1968 தேர்தலில் ரிச்சர்ட் நிக்சன், அரசமைப்பைக் கண்டிப்பாகப் பொருள்கொள்ளும் நீதிபதிகளையே நியமிப்பேன் என்று வாக்களித்தார். சட்டத்தில் எழுதியிருப்பதை எழுதியபடி படிப்பவர் என்பது மேற்பொருள். அதற்கு யார் மறுப்புச் சொல்வார்? ஆனால் ஏர்ல் வாரன் தலைமையிலான நீதிமன்றம் பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை ஒழித்ததையும் குற்றம் சாட்டப்பட்டோருக்கு உரிமைகள் தந்ததையும் வெறுத்த வாக்காளர்கள், குறிப்பாகத் தென்மாநிலத்தவர், உட்பொருளைப் புரிந்துகொண்டார்கள்.

இது ஆய்வாளரின் ஊகமன்று. நிக்சன் அரசின் நீதித்துறையில் அதிகாரியாக இருந்து, பின்னர் தலைமை நீதிபதியான வில்லியம் ரென்குவிஸ்ட், உள்சுற்றுக் குறிப்பு ஒன்றில் இந்தக் குறியை அவிழ்த்து எழுதியிருக்கிறார். கண்டிப்பான பொருள்கோளர் பொதுவாகக் குற்றவழக்கில் சிக்கியவர்களின் கோரிக்கைகளுக்கும் குடிமை உரிமைகள் கேட்டு வருபவர்களின் கோரிக்கைகளுக்கும் சாதகமாக இருக்கமாட்டார் என்பது அதன் சாரம். வாசிக்கும் முறையின் பெயர் போல ஒலித்தது, உண்மையில் எந்தத் தரப்பு தோற்க வேண்டும் என்ற பட்டியல்.

குறி எப்போதும் குறிவைத்த இடத்தில் விழுவதில்லை. நிக்சனின் முன்மொழிவுகளில் ஹேன்ஸ்வொர்த்தையும் கார்ஸ்வெல்லையும் செனட் அடுத்தடுத்து நிராகரித்தது. மூன்றாவதாக வந்த ஹாரி பிளாக்மன் 1970-இல் 94-க்கு 0 என்று ஒப்புதல் பெற்றார். கருக்கலைப்பு உரிமையை அரசமைப்பில் கண்ட 1973-ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை எழுதியவர் அவர்தான்.

4. மங்கலம்: அணுகுண்டுக்கு நல்ல பெயர்

4.1 கடற்கொள்ளையும் குண்டும்

செனட்டில் ஒரு சிறுபான்மை, விவாதத்தை முடிக்கவிடாமல் நீட்டி வாக்கெடுப்பைத் தடுக்கலாம். இதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். கடற்கொள்ளையரைக் குறித்த டச்சு, ஸ்பானியச் சொற்களின் வழிவந்த வசைச்சொல் அது. விவாதத்தை முடிக்க 1917-இல் மூன்றில் இரண்டு பங்கும், 1975-க்குப் பிறகு ஐந்தில் மூன்று பங்கும், அதாவது 60 வாக்குகளும், தேவை என்றது அவையின் 22-ஆம் விதி.

2003 முதல் 2005 வரை, ஜார்ஜ் புஷ்ஷின் மேல்முறையீட்டு நீதிமன்ற முன்மொழிவுகள் சிலவற்றை ஜனநாயகக் கட்சியினர் இப்படித் தடுத்தனர். சாதாரணப் பெரும்பான்மையைக் கொண்டே இந்த 60-ஐ உடைத்துவிடலாம் என்று குடியரசுக் கட்சியினர் திட்டமிட்டனர். அத்திட்டத்துக்கு ‘அணு ஆயுத வழி’ என்று பெயர் வைத்தவர் அக்கட்சியின் செனட்டர் டிரென்ட் லாட் என்பது பொதுவான பதிவு. பெயர் பரவியதும் கட்சி விழித்துக்கொண்டது. அணுகுண்டு போடுபவர் என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டு மக்கள் ஆதரவைப் பெற முடியாது. உடனே ‘அரசமைப்பு வழி’ என்ற புதுப்பெயர் வந்தது. அதே பெயரில் ஹார்வர்டின் சட்ட ஏடொன்றில் நீண்ட கட்டுரையும் வந்தது. கூடவே ‘ஆம் அல்லது இல்லை என்று ஒரு வாக்கெடுப்பு’ என்ற எளிய கோரிக்கை மேடைதோறும் ஒலித்தது. இதே கட்சி செனட்டைக் கையில் வைத்திருந்த கிளிண்டன் காலத்தில், பல முன்மொழிவுகள் குழுவைத் தாண்டவே விடப்படவில்லை. அப்போது அந்த எளிய கோரிக்கையை அக்கட்சி எழுப்பவில்லை.

2005 மே 23 அன்று இரு கட்சிகளிலிருந்தும் எழுவர் எழுவராகப் பதினான்கு செனட்டர்கள் ஓர் உடன்பாடு கண்டனர். ‘அசாதாரணச் சூழ்நிலைகளில்’ மட்டுமே ஃபிலிபஸ்டர் செய்வோம் என்பது அதன் மையம். அசாதாரணம் எது என்பதை ஒவ்வொருவரும் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம். தெளிவற்ற சொல் என்று இதைக் குறை சொல்வது எளிது. ஆனால் தெளிவாக எழுதியிருந்தால் கையெழுத்து விழுந்திருக்காது. ஒரு சொல்லின் மங்கல் எட்டு ஆண்டுகளுக்கு அந்த அவையின் வழக்கத்தைக் காத்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

4.2 பொருளை வாக்கெடுத்து மாற்றியது

2013 நவம்பர் 21 அன்று கட்சிகள் இடம் மாறி நின்றன. ஒபாமாவின் முன்மொழிவுகளைக் குடியரசுக் கட்சியினர் தடுக்க, 2005-இல் அணு ஆயுத வழியைக் கடுமையாக எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் ஹாரி ரீட் தாமே அதைப் பயன்படுத்தினார். நடந்த முறையைக் கவனிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களில் விவாதத்தை முடிக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று ரீட் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். அவைத்தலைவர், விதியின்படி அது செல்லாது என்றார். தலைவரின் முடிவு சரியா என்று வாக்கெடுத்தார்கள். 52 பேர் தவறு என்றார்கள், 48 பேர் சரி என்றார்கள். அத்துடன் முடிந்தது.

22-ஆம் விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஐந்தில் மூன்று என்றே அது இன்றும் சொல்கிறது. ஐந்தில் மூன்று என்றால் பாதிக்குமேல் ஒன்று என்று பொருள் என அவை வாக்களித்துத் தீர்மானித்திருக்கிறது. 2017 ஏப்ரல் 6 அன்று குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கனல் இதே படியில் ஏறி உச்ச நீதிமன்றத்துக்கும் அதை நீட்டித்தார். மறுநாள் நீல் கோர்சச் 54-க்கு 45 என்று ஒப்புதல் பெற்றார். சட்டச் சொற்களை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றுகிறார்கள் என்று நீதிபதிகளைக் குற்றம் சாட்டி வந்த இரு கட்சிகளும், தங்கள் சொந்த விதிப்புத்தகத்தில் அதையே செய்தன. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம். விதியைத் திருத்தியிருந்தால் திருத்தினோம் என்ற பொறுப்பாவது யார்மீதாவது நின்றிருக்கும்.

4.3 ‘விதி’ என்னும் பெயர்

2016 பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஸ்கேலியா இறந்தார். செய்தி வெளியான சிறிது நேரத்திலேயே, அடுத்த அதிபர் வரும்வரை இடம் காலியாக இருக்க வேண்டும், மக்கள் முடிவு செய்யட்டும் என்று மெக்கனல் அறிவித்தார். இதற்கு ‘பைடன் விதி’ என்று பெயர் சூட்டப்பட்டது. 1992 ஜூன் 25 அன்று, எந்த இடமும் காலியாக இல்லாதபோது, செனட்டர் ஜோ பைடன் நிகழ்த்திய ஓர் உரையே அந்த விதி. அவை அதை ஏற்றுத் தீர்மானம் எதுவும் நிறைவேற்றவில்லை. இதற்கு மூத்தது, தேர்தல் ஆண்டின் பிற்பகுதியில் நீதிபதிகளுக்கு ஒப்புதல் தருவதில்லை என்னும் ‘தர்மண்ட் விதி’. அதுவும் எங்கும் எழுதப்படவில்லை. மார்ச் 16-இல் ஸ்கேலியாவின் இடத்துக்கு முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்ட், ஒரு விசாரணை அமர்வுகூட இல்லாமல் 293 நாட்கள் காத்திருந்தார்; முன்மொழிவு காலாவதியானது.

2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தபோது தேர்தலுக்கு ஏழு வாரம்கூட இல்லை. அதிபரும் செனட்டும் ஒரே கட்சி என்றால் விதி பொருந்தாது என்று விளக்கம் வந்தது. ஏமி கோனி பேரெட் அக்டோபர் 26-இல், தேர்தலுக்கு எட்டு நாட்கள் இருக்க, 52-க்கு 48 என்று ஒப்புதல் பெற்றார். அரசமைப்பின்படி இரண்டு முடிவுகளையும் எடுக்கச் செனட்டுக்கு அதிகாரம் இருந்தது. அதிகாரம் இருக்கிறது, பயன்படுத்துகிறோம் என்று இருமுறையும் சொல்லியிருக்கலாம். விதி என்ற பெயர் சேர்ந்ததால்தான் இரண்டாம் முறை நடந்தது வாக்கு மீறலாகத் தெரிந்தது.

5. கை மாறிய சொல்: ‘பேக்கிங்’

1936-இல் 48 மாநிலங்களில் 46-ஐ வென்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தம் பொருளாதாரச் சட்டங்களை அடுத்தடுத்து வீழ்த்திய நீதிமன்றத்தை மாற்ற 1937 பிப்ரவரி 5 அன்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். எழுபது வயதைத் தாண்டியும் ஓய்வுபெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஈடாக ஒருவரைக் கூடுதலாக நியமிக்கலாம், ஆறு பேர் வரை. காரணமாக அவர் சொன்னது வேலைப்பளு, முதுமை, திறன். தலைமை நீதிபதி ஹியூஸ், வழக்குகள் தேங்கவில்லை என்று செனட்டர் வீலருக்கு எழுதிய ஒரே கடிதத்தில் அந்தப் போர்வை கிழிந்தது. எதிரிகள் வைத்த ‘கோர்ட் பேக்கிங்’ என்ற பெயர் நின்றது. தம் ஆட்களால் நீதிமன்றத்தை அடைத்தல் என்பது பொருள். மார்ச் 9 வானொலி உரையில் ரூஸ்வெல்ட் அந்தச் சொல்லையே எடுத்துப் பேசி மறுத்துப் பார்த்தார். மறுக்க எடுத்த சொல் அவர் வாயிலிருந்தே கோடிக்கணக்கானோரை எட்டியது. ஜூலையில் 70-க்கு 20 என்று செனட் அதைக் குழுவுக்குத் திருப்பி அனுப்பிப் புதைத்தது.

2013-இல் இதே சொல் வேறு பொருளில் எழுந்தது. வாஷிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 11 இடங்களில் ஒன்றுக்கு, திருநெல்வேலி வட்டாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீ சீனிவாசன் மே 23 அன்று 97-க்கு 0 என்று ஒப்புதல் பெற்றார். மீதிக் காலியிடங்கள் மூன்றையும் ஒபாமா நிரப்ப முயன்றபோது குடியரசுக் கட்சி செனட்டர் கிராஸ்லி முதலானோர் அதைப் ‘பேக்கிங்’ என்றனர். புதிய இடம் எதுவும் உருவாக்கப்படவில்லை. சட்டம் அனுமதித்த இடங்களை நிரப்புவதே அடைத்தல் ஆயிற்று. அந்த மூன்று இடங்களை அங்கிருந்து அகற்றும் கிராஸ்லியின் மசோதாவுக்கு நீதிமன்றத் திறன் சட்டம் என்று பெயர். ரூஸ்வெல்ட் எடுத்த அதே ‘திறன்’, எதிர்த்திசையில்.

2020-இல் மூன்றாவது திருப்பம். பேரெட் நியமனமே ‘பேக்கிங்’ என்று ஜனநாயகக் கட்சியினர் சிலர் சொன்னார்கள். நீதிபதிகளை 13 ஆக்கும் 2021-ஆம் ஆண்டின் மசோதாவை முன்வைத்தோர் அதை ‘விரிவாக்கம்’ என்றார்கள். இந்த இழுபறியில் அகராதியும் தப்பவில்லை. பேரெட் தம் அமர்வில் ‘பாலியல் விருப்பம்’ என்று ஒரு தொடரைச் சொல்ல, பால்நாட்டம் ஏதோ தேர்ந்தெடுத்துக்கொள்வது போல அது ஒலிக்கிறது என்று செனட்டர் ஹிரோனோ கண்டித்தார். அன்றே மெரியம்-வெப்ஸ்டர் அகராதி, புண்படுத்தக்கூடியது என்ற குறிப்பை அந்தப் பதிவில் சேர்த்தது.

6. வெளிப்படைப் பேச்சுக்குக் கிடைத்த விலை

தகுதி வழக்கில் அடங்காதவை உண்டு என்றேன். மறைக்காமல் பேசிய பேச்சுகள் அவை.

1987 ஜூலை 1 அன்று ரீகன், ராபர்ட் போர்க்கை முன்மொழிந்தார். ஒரு மணி நேரத்துக்குள் செனட்டர் எட்வர்டு கென்னடி அவையில் எழுந்து, போர்க்கின் அமெரிக்கா எப்படியிருக்கும் என்று ஒரு சித்திரம் தீட்டினார்: கள்ளத்தனமான கருக்கலைப்புக்குத் தள்ளப்படும் பெண்கள், தனித்தனி மேசைகளில் உண்ணும் கறுப்பினத்தவர், நள்ளிரவில் கதவை உடைக்கும் காவலர். மிகைப்படுத்தல்தான். ஆனால் உணவகங்களில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை எதிர்த்து 1963-இல் போர்க் எழுதியிருந்தார்; தனியுரிமை என்ற பொது உரிமை அரசமைப்பில் இல்லை என்றும் கூறிவந்தார். கென்னடியின் உரை கொடூரமானது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது ஒன்றைச் சரியாகச் செய்தது என்பது என் கணிப்பு: மனப்பாங்கு, முறை என்று சுற்றி வளைக்காமல், இந்த ஆள் வந்தால் யாருக்கு என்ன நேரும் என்ற கேள்வியை நேராக வைத்தது.

போர்க்கும் நேராகவே பதில் சொன்னார். ஐந்து நாட்கள் அமர்ந்து, தாம் நம்பும் அரசமைப்புக் கோட்பாட்டை விளக்கினார். ஒரு நாடு தன் அடிப்படைச் சட்டத்தின் பொருளைத் தொலைக்காட்சியில் விவாதித்த அரிய நாட்கள் அவை. அக்டோபர் 23 அன்று 58-க்கு 42 என்று தோற்றார். அந்த இடத்துக்கு 97-க்கு 0 என்று வந்த ஆந்தணி கென்னடி, 1992-இல் ரோ தீர்ப்பின் கருவைக் காத்த தீர்ப்பை எழுதிய மூவருள் ஒருவரானார். போர்க்கின் ஆதரவாளர்கள் அவர் பெயரையே வினைச்சொல் ஆக்கினார்கள். ஒருவரை அவதூறு செய்து பதவி கிடைக்காமல் தடுப்பது ‘போர்க்’ செய்வது. ஆக்ஸ்போர்டு அகராதியிலும் அது ஏறியது. நடந்தது ஒரு கோட்பாட்டின் தோல்வியா, ஒரு மனிதருக்கு இழைத்த அநீதியா என்ற வழக்கில், அந்த வினைச்சொல்லே தீர்ப்பாகிவிட்டது.

1991-இல் கிளாரன்ஸ் தாமஸ் சொன்னது வேறு வகை. தம்மிடம் பணியாற்றிய அனிதா ஹில் கூறிய பாலியல் தொல்லைப் புகாருக்குப் பதிலாக, இது உயர்தொழில்நுட்பக் கும்பல் தூக்கு என்றார். கறுப்பின மக்களைக் கும்பலாகத் தூக்கிலிட்ட நெடிய கொடுமையை அந்தச் சொல் அவைக்குள் கொண்டுவந்தது. குழுவில் இருந்த பதினான்கு பேரும் வெள்ளை ஆண்கள். கேள்விகளின் கூர்மை மழுங்கியது. ஹில்லும் கறுப்பினப் பெண்தான் என்பதை அந்தச் சொல்லின் நிழல் மறைத்துவிட்டது. 52-க்கு 48 என்று தாமஸ் நீதிபதியானார்.

போர்க்கின் தோல்வியிலிருந்து பின்வந்தவர்கள் கற்ற பாடம் மௌனம். 1993-இல் கின்ஸ்பர்க், வரக்கூடிய வழக்குகள் பற்றிக் குறிப்போ முன்னறிவிப்போ தரமாட்டேன் என்றார். அதுவும் பின்னாளில் ‘கின்ஸ்பர்க் விதி’ ஆயிற்று. 1995-இல் எலீனா கேகன் என்ற இளம் பேராசிரியர், போர்க் அமர்வே முன்மாதிரி, பிந்தியவை உள்ளீடற்ற பாவனை என்று ஒரு கட்டுரை எழுதினார். 2010-இல் தாமே முன்மொழியப்பட்டு அதே குழுவின் முன் அமர்ந்தபோது, அக்கருத்தின் பெரும்பகுதியிலிருந்து பின்வாங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்க்கைப் போலப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த மௌனத்துக்கு மிக அழகிய பெயர் தந்தவர் ஜான் ராபர்ட்ஸ். 2005 செப்டம்பர் 12 அன்று, நீதிபதி நடுவரைப் போன்றவர், பந்து வரம்புக்குள் வந்ததா இல்லையா என்று சொல்வதே தம் வேலை, ஆடுவதல்ல என்றார். பேஸ்பாலை வைத்துச் சொன்னதைக் கிரிக்கெட் பார்ப்பவர்களும் உடனே புரிந்துகொள்வார்கள். அவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள்: எல்பிடபிள்யூ கேட்கும்போது கருவி தயங்கும் இடத்தில் நடுவரின் முடிவே நிற்கும். உச்ச நீதிமன்றத்துக்கு வருபவை பெரும்பாலும் அப்படிப்பட்ட பந்துகள்தாம். கீழமை நீதிமன்றங்கள் தமக்குள் முரண்பட்ட வழக்குகள், ஆண்டுதோறும் வரும் பல்லாயிரம் மனுக்களிலிருந்து நூறுக்கும் குறைவாக நீதிபதிகளே தேர்ந்தெடுப்பவை. எந்தப் பந்துக்குத் தீர்ப்புச் சொல்வது என்று தாமே தேர்ந்துகொள்ளும் நடுவர் எந்த ஆட்டத்திலும் இல்லை. ஆயினும் அந்த உவமை வென்றது. ராபர்ட்ஸ் 78-க்கு 22 என்று தலைமை நீதிபதியானார்.

அதற்கு எதிர்ச்சொல்லாக ஒபாமா 2009-இல் ‘பிறர்நிலை உணர்தல்’ என்பதை நீதிபதியின் தகுதியாக வைத்தார். சட்டம் கைவிடும் கடைசி மைலில் நீதிபதியின் அனுபவமும் பரிவும் வேலை செய்கின்றன என்ற உண்மையை அவர் ஒப்புக்கொண்டார். எதிர்க்கட்சி அதைப் பாரபட்சத்தின் மறுபெயராக்கியது. சோனியா சோட்டோமேயர் தம் அமர்வில், அதிபரின் அந்த அணுகுமுறை தம்முடையதல்ல, சட்டமே வழிகாட்டும் என்று சொல்ல நேர்ந்தது. மெய்யைச் சற்றே ஒத்துக்கொண்ட சொல் தோற்று, மறைத்த உவமை நின்றது.

7. பதிவேடுகள்

இவ்வளவு கவனமாகக் காத்த மொழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ரோ தீர்ப்பின் முடிவே சான்று. 1991-இல் தாமஸ், ரோ தீர்ப்பின் உள்ளடக்கம் பற்றி விவாதித்ததாகத் தமக்கு நினைவில்லை என்றார். 2006-இல் அலிட்டோ அது முன்தீர்ப்பு என்றார். 2017-இல் கோர்சச்சும் அது முன்தீர்ப்பு என்றார். 2018-இல் கேவனா, அதை உறுதிசெய்த 1992 தீர்ப்பை முன்தீர்ப்பின்மேல் முன்தீர்ப்பு என்றார். 2020-இல் பேரெட் முன்கூட்டி எதுவும் சொல்ல இயலாது என்றார். ஒருவரும் அதைக் காப்பேன் என்று வாக்களிக்கவில்லை. முன்தீர்ப்பு என்ற சொல் உள்ளது உள்ளபடியே சரியானது. கேட்டவர்கள் அதில் தமக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டார்கள்.

போர்க்கின் ஐந்து நாள் பதிவைப் படிப்பவர், அவர் நீதிபதியாகியிருந்தால் ரோ என்ன ஆகியிருக்கும் என்பதை 1987 செப்டம்பரிலேயே அறிந்துகொள்ளலாம். இந்த ஐவரின் பதிவுகளைப் படித்த குடிமக்கள் 2022 ஜூன் 24 காலை வரை காத்திருந்தார்கள். அன்று டாப்ஸ் வழக்கில் ரோவை நீக்கிய ஐந்து வாக்குகளும் இவர்களுடையவை.